வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய்: நேரே புதைப்பதா, ஸ்லீவ் போதுமா, முழு டக்ட் வேண்டுமா?

தெருவில் ஓடும் மெயின் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் பிளாஸ்டிக் குழாயில் பெரும்பகுதி வெறும் மண்ணுக்குள்தான் கிடக்கிறது. அங்கே ஏதாவது ஆனால் மண்வெட்டி இருந்தால் போதும். சிக்கலெல்லாம் கடைசிச் சில மீட்டரில்தான். அஸ்திவாரத்தைத் தாண்டி, தரைக் கான்கிரீட்டுக்கு அடியில் போய், சமையலறை மூலையிலோ குளியலறைச் சுவரோரமோ மேலே எழும் பகுதி அது. கான்கிரீட் போட்டபிறகு அங்கே கை வைப்பதென்றால் டைல்ஸ் உடைய வேண்டும், தரை உடைய வேண்டும், வீடு முழுக்கத் தூசி.

அந்தச் சில மீட்டரைக் கடக்க நான்கு வழி உண்டு. குழாயை நேரே மண்ணிலும் கான்கிரீட்டிலும் புதைத்துவிடுவது. சுவரைத் துளைக்கும் இடத்தில் மட்டும் ஒரு பெரிய பைப் துண்டை ஸ்லீவாக வைப்பது. வெளியே ஒரு சேம்பரில் (மண்ணுக்குள் கட்டிய, மூடி போட்ட சிறு தொட்டி) தொடங்கி, தரைக்கு மேல் எட்டிப் பார்க்கும்வரை தொடர்ச்சியாக டக்ட், அதாவது ஒரு பெரிய உறைப் பைப், போட்டு அதற்குள் குழாயை இழுப்பது. கடைசியாக, தரைக்கு அடியில் போகவே போகாமல், வெளிச்சுவர் ஓரமாக ஏற்றி, தரைமட்டத்துக்கு மேலே துளைத்து உள்ளே கொண்டுபோவது.

இவற்றை ஒப்பிட நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் முன்னால் வைப்பேன்: குழாய் கெட்டுப்போனால், தரையை உடைக்காமல் பழையதை உருவிவிட்டுப் புதியதை நுழைக்க முடியுமா? விலை, வேலை நேரம் எல்லாம் அதற்குப் பிறகு. டக்ட் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்களில் பலருக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் 'முடியாது' என்பதுதான். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நேரே புதைப்பது

மலிவு, வேகம். சிமெண்ட் பிளாஸ்டிக்கை அரித்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. எச்டிபிஇ (சுருளாக வரும் பாலிஎத்திலீன் குழாய்), பிவிசி இரண்டையுமே சிமெண்ட் ஒன்றும் செய்வதில்லை. உண்மையான எதிரி அசைவு. வீடு கட்டிய பிறகு சுவர் ஒரு அளவு இறங்கும், பக்கத்து நிரப்பு மண் வேறொரு அளவு இறங்கும். சுவருக்குள் இறுகிப் பிடிபட்ட குழாயை மண் கீழே இழுக்கும்போது, சுவர் விளிம்பு கத்தரி மாதிரி வேலை செய்கிறது. கசிவு பெரும்பாலும் சரியாக அந்த விளிம்பில்தான் வரும். அதோடு கான்கிரீட்டில் இருக்கும் ஜல்லி முனை ஒரே இடத்தில் வருடக்கணக்கில் அழுத்திக்கொண்டிருப்பதும் குழாய்க்கு நல்லதல்ல. தோட்டக் குழாய்க்கோ தற்காலிகக் கொட்டகைக்கோ சரி. குடியிருக்கும் வீட்டின் தரைக்கு அடியில் இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சுவரில் மட்டும் ஸ்லீவ்

சுவரின் தடிமனை விடச் சற்று நீளமான, குழாயை விட இரண்டு மடங்கு விட்டமுள்ள பைப் துண்டைச் சுவரில் பதித்து, அதன் வழியாகக் குழாயை விடுவது. கத்தரிப்புப் பிரச்சினை இதோடு தீர்ந்தது. சுவர் இறங்கினாலும் உள்ளே இருக்கும் இடைவெளி அதை வாங்கிக்கொள்ளும்.

எப்போது இது போதும்? தண்ணீர் நுழையும் இடம் வெளிச்சுவரை ஒட்டியே இருந்து, சுவரைத் தாண்டியதும் குழாய் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே வந்துவிட்டால் போதும். தரைக்கு அடியில் ஆள் ஊர்ந்து போகும் அளவு வெற்றிடம் உள்ள வீடுகளுக்கும் போதும். ஆனால் சுவரைத் தாண்டி இன்னும் மூன்று நான்கு மீட்டர் தரைக்கு அடியில் ஓட வேண்டும் என்றால், ஸ்லீவ் வாசலை மட்டும் காப்பாற்றுகிறது. உள்ளே இருக்கும் நீளம் நேரே புதைத்ததற்குச் சமம்தான்.

வெளியே ஏற்றி உள்ளே நுழைப்பது

பார்க்க அழகாக இருக்காது. வெயில் படும், ஏதாவது வந்து மோதும், உறைபனி விழும் ஊரென்றால் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். வெயிலைப் பொறுத்தவரை கறுப்பு எச்டிபிஇ தாங்கும், ஏனென்றால் அதில் இரண்டு இரண்டரை சதவீதம் கார்பன் பிளாக் கலந்திருக்கிறது. முழு நீல நிறக் குழாய் மண்ணுக்குள் இருக்க வேண்டியது. அதை வெயிலில் விட்டால் நாளடைவில் நொறுங்கத் தொடங்கும்.

இருந்தும், ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டில் தரையைத் தொட மனமில்லை என்றால் இதைத்தான் சொல்வேன். மேலே ஒரு உறை, உறைக்குள் காப்புப் பஞ்சு, நுழையும் இடத்தில் ஒரு ஸ்லீவ். கெட்டால் அரை நாளில் மாற்றிவிடலாம். என் ஒற்றைக் கேள்விக்கு இது பாஸ். புதிதாகக் கட்டும் வீட்டில் இப்படிச் செய்தால் மட்டும், 'முதலிலேயே யோசித்திருக்கலாமே' என்று தோன்றும்.

முழு டக்ட்: பெயருக்கா, வேலைக்கா?

புதிய தரை போடும் நிலையில் இருக்கிறீர்கள் என்றால் முடிவு சுலபம், டக்ட் போடுங்கள். கஷ்டமெல்லாம் எப்படிப்பட்ட டக்ட் என்பதில்தான்.

முதலில் விட்டம். 25 மி.மீ. குழாய்க்கு 50 மி.மீ. டக்ட் போதும் என்று சொல்வார்கள். வளைவே இல்லாத குறுகிய ஓட்டத்துக்கு அது உண்மைதான். வளைவு வந்தால் கதை மாறும். குளிர்ப் பகுதியில் குழாயைச் சுற்றி 25 மி.மீ. காப்பு சுற்றினால் மொத்தம் 75 மி.மீ. ஆகிவிடும். அதோடு, பின்னால் தண்ணீர் வேகம் போதாமல் 32 மி.மீ. குழாய்க்கு மாறலாம். வழக்கமான கனத்தில் 25 மி.மீ. குழாயின் உள்விட்டம் 20 மி.மீ. சொச்சம், 32 மி.மீ. குழாய்க்கு 26 மி.மீ. அளவில். இந்த ஆறு மில்லிமீட்டரில், அதே அளவு தண்ணீர் ஓடும்போது உராய்வால் இழக்கும் அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மாடி கட்டும் எண்ணம் இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆக, என் தேர்வு சாதாரண 110 மி.மீ. வடிகால் பைப். தேவையைவிடப் பெரிதாகத் தெரியும். தெரியட்டும், விடுங்கள். பைப் விட்டத்தில் மிச்சம் பிடிக்கும் காசு பெரிய காசல்ல.

அடுத்தது வளைவு. நான் பார்த்த வீணான டக்ட்களில் பெரும்பாலானவை இங்கேதான் வீணாயின. தரைக்கு அடியில் கிடைமட்டமாக வரும் டக்ட் ஓரிடத்தில் நேர் மேலே திரும்ப வேண்டும். கொத்தனார் கையில் இருக்கும் 90 டிகிரி எல்போவைப் போட்டு ஒட்டிவிடுவார். கான்கிரீட் விழும். மூன்று மாதம் கழித்து பிளம்பர் குழாயோடு வருவார், அது அந்த மூலையில் போய் முட்டி நிற்கும்.

எச்டிபிஇ குழாயை அதன் வெளிவிட்டத்தைப்போல 25 மடங்கு ஆரத்துக்குக் குறையாமல் வளைப்பது பாதுகாப்பான கணக்கு. 25 மி.மீ. குழாய்க்கு 62 செ.மீ., 32 மி.மீ. குழாய்க்கு 80 செ.மீ. அதைவிட இறுக்கி வளைத்தால் ஒன்று மடிந்து தட்டையாகும், இல்லையென்றால் எப்போதும் இழுவிசையிலேயே இருந்து சீக்கிரம் விரிசல் விடும். குளிரில் குழாய் விறைக்கும்போது இன்னும் பெரிய ஆரம் வேண்டும்.

இங்கே அகலமான டக்ட் ஒரு நல்ல காரியம் செய்கிறது. உள்ளே இடம் நிறைய இருப்பதால், குழாய் டக்டின் வளைவை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. வளைவுக்கு முன்னாலும் பின்னாலும் டக்டின் வெளிவளைவுப் பக்கத்தை ஒட்டியும், நடுவில் உள்வளைவுப் பக்கத்தை ஒட்டியும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். கணக்குப் போட்டால், 110 மி.மீ. டக்டின் 90 டிகிரி வளைவில் 25 மி.மீ. குழாய்க்கு இப்படி 20 செ.மீ.க்கு மேல் கூடுதல் ஆரம் கிடைக்கிறது, வளைவின் இருபுறமும் கொஞ்சம் நேர்த்துண்டு இருக்கும்வரை. அதாவது டக்டின் வளைவு 40 செ.மீ. ஆரம் இருந்தாலே குழாய் 60 செ.மீ.க்கு மேற்பட்ட ஆரத்தில் வளைந்து போய்விடும். 63 மி.மீ. டக்டில் இந்தச் சலுகை பத்து செ.மீ.கூடத் தேறாது.

அப்படியானால் 90 டிகிரிக்கு மூன்று தேர்வுகள்:

- சாதாரண எல்போ: வேண்டவே வேண்டாம்.
- இரண்டு 45 டிகிரி பெண்டுகள், நடுவில் 30 முதல் 40 செ.மீ. நேர்த்துண்டு: எந்தக் கடையிலும் கிடைக்கும் சாமானில் முடிந்துவிடும், 25 மி.மீ. குழாய்க்குத் தாராளமாகப் போதும்.
- தயாராக வரும் நீள்வளைவு பெண்ட்: கிடைத்தால் இதுதான் முதல் தேர்வு. உள்ளே விளிம்போ படியோ இல்லாததால் குழாய் வழுக்கிக்கொண்டு போகும்.

ஒரு டக்டில் இப்படி ஒரு வளைவு இருக்கலாம். இரண்டாவது வளைவு வந்தால், நடுவில் ஒரு சேம்பர் கட்டி டக்டை இரண்டாகப் பிரியுங்கள். குழாய் அந்தச் சேம்பரில் துண்டாகாமல் கடந்து போகட்டும்.

இணைப்பு டக்டுக்குள் வரவே கூடாது. இரண்டு குழாயைச் சேர்க்கும் கப்ளிங்கின் உடம்பு குழாயைவிடத் தடிமன், வளைவில் சிக்கும். கசியும் வாய்ப்பு அதிகமுள்ள இடமும் அதுதான். அதைக் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

உள்ளே எந்தக் குழாய்?

இந்த இணைப்பு விதியே குழாய்த் தேர்வையும் பாதி முடித்துவிடுகிறது. பிவிசி, சிபிவிசி நேர்த்துண்டுகளாக வருகின்றன, பசை போட்டு ஒட்ட வேண்டும். வளைவுள்ள டக்டுக்குள் அவை நுழையாது. நேரான, ஒரு துண்டு நீளத்துக்குள் முடியும் டக்ட் என்றால் மட்டும் பரவாயில்லை. சுருளாக வரும் எச்டிபிஇ ஒரே துண்டாக மீட்டரிலிருந்து வீட்டு வால்வு வரை போய்விடும். அதனால் எனக்கு இதில் ஊசலாட்டமே இல்லை.

எச்டிபிஇயின் குறை, வெப்பத்தில் நீள்வது. மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.2 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் குழாய் 20 டிகிரி மாற்றத்தில் 40 மி.மீ. நீளும் அல்லது சுருங்கும். பிவிசி அதே நிலையில் 14 மி.மீ. அளவில்தான் மாறும். வெயிலில் கிடந்த குழாயை இழுத்த கையோடு இரு முனையையும் இறுக்கி மாட்டினால், மண்ணுக்குள் குளிர்ந்ததும் அது சுருங்கி இணைப்பை இழுக்கும். இழுத்துவிட்டு ஒரு இரவு விடுங்கள், மறுநாள் வெட்டி மாட்டுங்கள். டக்டுக்குள் குழாய் லேசாகப் பாம்பு போல நெளிந்து கிடப்பது நல்லதுதான்.

நெளி உறையோடு சேர்ந்தே வரும் பெக்ஸ் குழாய் (வளையக்கூடிய இன்னொரு பாலிஎத்திலீன் வகை) இன்னொரு வழி. வீட்டுக்குள் ஒரு மேனிஃபோல்டிலிருந்து (ஒரு லைனைப் பலவாகப் பிரிக்கும் துண்டு) ஒவ்வொரு தண்ணீர் டேப்புக்கும் போகும் மெல்லிய லைன்களுக்கு அருமையான ஏற்பாடு அது. மண்ணுக்கு அடியிலிருந்து வரும் பிரதான லைனுக்கு அந்த உறை மெலிது, பாரம் தாங்காது.

ஒரு எச்சரிக்கை. பெட்ரோல், டீசல், தின்னர் போன்றவை ஊறிய மண்ணாக இருந்தால் எச்டிபிஇயின் சுவர் வழியாகவே அவை தண்ணீருக்குள் ஊடுருவும். குழாயில் ஓட்டையே வேண்டாம். பழைய ஒர்க்‌ஷாப், எரிபொருள் கிடங்கு இருந்த மனை என்றால் நடுவில் அலுமினிய அடுக்கு உள்ள குழாயோ உலோகக் குழாயோதான் சரி. மேலே டக்ட் இருக்கிறதே என்ற தைரியம் இங்கே உதவாது.

இழுத்துப் பார்ப்பது

கான்கிரீட் போடுவதற்கு முன்பே ஒருமுறை குழாயை இழுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். டக்டைப் பூட்டி, மணலால் சுற்றிலும் அணைத்து, அசையாமல் நிறுத்திய பிறகு செய்ய வேண்டிய வேலை இது. உள்ளே நைலான் கயிறு இல்லையென்றால், கயிற்று முனையில் சிறிய பிளாஸ்டிக் பையைக் கட்டி ஒரு வாயில் விட்டு, மறுவாயில் வேக்குவம் கிளீனரை வைத்தால் பை பறந்து வந்துவிடும்.

குழாய் முனையைச் சாய்வாக வெட்டி, அந்தச் சாய்வில் ஓட்டை போட்டுக் கயிற்றைக் கட்டி, முடிச்சு உட்பட எல்லாவற்றையும் ஒட்டு டேப்பால் கூம்பாகச் சுற்ற வேண்டும். வாய் திறந்திருந்தால் மண்ணை அள்ளிக்கொண்டு போகும். சுருளின் கட்டை அவிழ்க்கும்போது முனையை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், அது விசையோடு தெறிக்கும். அப்புறம் ஒருவர் சேம்பரில் உட்கார்ந்து தள்ள, இன்னொருவர் உள்ளே இழுக்க வேண்டும். இழுப்பவரைவிடத் தள்ளுபவரின் கைதான் முக்கியம். வளைவை நெருங்கும்போது குழாயை உருட்டித் திருப்பிவிட்டால், சுருளில் இருந்தபோது பழகிய வளைவு டக்டின் வளைவோடு ஒத்துப்போய், முட்டிக்கொண்டிருந்தது சட்டென்று நழுவும். அப்படியும் வராவிட்டால் பலத்தைக் காட்டாமல் பெண்டை மாற்றுங்கள். இன்னும் கான்கிரீட் விழவில்லையே.

வழுக்குவதற்கு வெறும் தண்ணீர் போதும். கிரீஸ், எண்ணெய் குடிநீர்க் குழாய் பக்கமே வரக் கூடாது. பாத்திரம் கழுவும் சோப்பு நீரைத் தாராளமாக ஊற்றுபவர்கள் உண்டு. வளைந்து விசையில் இருக்கும் பாலிஎத்திலீனில் விரிசலைத் தூண்டக்கூடியது சோப்பு வகை, அதனால் நான் தவிர்ப்பேன்.

குழாய் போனதும், கூடவே இன்னொரு கயிற்றையும் உள்ளே விட்டு இரு முனையிலும் கட்டி வையுங்கள்.

வாயை அடைப்பது

திறந்த டக்ட் என்பது எலிக்கும் பூச்சிக்கும், மண்ணிலிருந்து வரும் வாயுக்களுக்கும், மழை வெள்ளத்துக்கும் வீட்டுக்குள் வர நேர்வழி. எனவே அடைத்தே ஆக வேண்டும். எதைக்கொண்டு என்பதில்தான் தவறு நடக்கிறது.

சிமெண்ட் கலவையால் பூசிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதோடு டக்ட் செத்தது. குழாய் மறுபடியும் இறுகிப் பிடிபட்டு, உருவவும் முடியாமல், விளிம்பில் கத்தரிபடும் நிலைக்கே வந்துவிடுகிறது. பியு ஃபோம் (உப்பி இறுகும் நுரை) பரவாயில்லை, கத்தியால் சுரண்டி எடுத்துவிடலாம், ஆனால் எலி அதைக் கடித்துக் குடைந்துவிடும். சுற்றிலும் போல்ட் முடுக்கினால் விரிந்து அடைக்கும் ரப்பர் சீல்தான் சிறந்தது. தண்ணீரும் புகாது, கழற்றி மாட்டவும் முடியும். அந்தச் செலவு வேண்டாம் என்றால் உள்ளே கொஞ்சம் கம்பி வலையைத் திணித்து, அதன்மேல் இறுகாத வகைச் சீலண்ட் பூசலாம். வீட்டுப் பக்க வாயில் எந்தச் சமரசமும் வேண்டாம். சேம்பர் பக்க வாயில், நிலத்தடி நீர் ஏறும் இடமாக இல்லாமல், உங்கள் ஊர் விதியும் அனுமதித்தால், எலி புகாத வலை மட்டும் போட்டு விடலாம். டக்டை வெளிப்பக்கம் சாய்வாக அமைத்திருந்தால், உள்ளே கசிவு ஏற்பட்ட அன்றே சேம்பரில் தண்ணீர் வந்து தகவல் சொல்லிவிடும்.

மிச்சம் சில

கைவிட்ட பழைய சாக்கடைப் பைப் ஒன்று தரைக்கு அடியில் இருக்கிறது, அதற்குள்ளேயே இழுத்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குடிநீர் விஷயத்தில் கூடாது. மின்கேபிளோடு ஒரே டக்டைப் பகிர்வதும் கூடாது.

வடிகால் பைப்பையே டக்டாகப் போட்டிருப்பதால், பிற்காலத்தில் தோண்டுபவர் அதைச் சாக்கடை என்று நினைத்து வெட்டிவிட வாய்ப்புண்டு. டக்டுக்கு மேலே ஒரு சாண் மண் போட்டதும் நீல எச்சரிக்கை நாடாவை விரியுங்கள். பிளாஸ்டிக்கை உலோகம் தேடும் கருவி கண்டுபிடிக்காது என்பதால், கூடவே ஒரு செம்புக் கம்பியும் ஓடினால் நல்லது. வால்வு இரண்டு வேண்டும்: சேம்பரில் ஒன்று, வீட்டுக்குள் குழாய் எழுந்த உடனே ஒன்று.

அழுத்தச் சோதனையில் பதற வேண்டாம். வேலை அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றியதும் எச்டிபிஇ லேசாக உப்பும், கேஜ் முள் சற்று இறங்கும். அது கசிவல்ல. மறுபடி ஏற்றி, முள் நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள்.

பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போடுகிறீர்கள் என்றால் இன்னொன்று. சில பழைய வீடுகளில் மின் எர்த் இணைப்பை அந்த இரும்புக் குழாயிலேயே கட்டியிருப்பார்கள். குழாயை வெட்டிய நொடியில் வீட்டுக்கு எர்த் போய்விடும், அதை எந்தத் தண்ணீர் டேப்பும் காட்டிக்கொடுக்காது. பிளம்பர் ரம்பத்தை எடுக்கும் முன் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.